ஐம்பத்தேழின் சாம்பியன்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அறுபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கோட்டைவிட்ட பட்டத்தை என் மாமனார் ஜெயித்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

நாங்கள் மூன்று பேரும் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தோம். மாமனார் ஆர்லின் ப்ரோக்மன், வயது எண்பத்தேழு. அவருடைய ஒரே மகளும் என் மனைவியுமான வெர்லா. அப்புறம் நான், டெல்மர், கடைத்தெருவில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் போன் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறும்.

"மிஸ்டர் ப்ரோக்மன்? யூனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் ஆபீஸ்லேருந்து கோல்பி பேசறேன் சார். வாழ்த்துக்கள்! ஐம்பத்தேழாம் வருஷத்து நேஷனல் சாம்பியன் நீங்கதான்!"

மாமனார் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"எந்த ஐம்பத்தேழு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு சார்."

"அந்த வருஷம் நாங்க தோத்தோமே, தம்பி."

"கடைசி ஆட்டம் மட்டும்தானே சார் தோத்தீங்க?"

"அதுதானப்பா முக்கியமான ஆட்டம்." கிழவர் எங்களைப் பார்த்தார். "இத யாரு முடிவு பண்ணாங்க?"

"நாமதான் சார். ஜூலைல கமிட்டி உக்காந்து பேசினோம்."

"நமக்கு நாமே குடுத்துக்கிட்டமா?"

"எல்லா காலேஜும் அப்படித்தான் சார் பண்ணுது." அவன் குரலில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. வருகிற சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தின் நடுவில் நிறுத்தி மோதிரம் போடுவார்களாம். அந்த அணியில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் படுத்த படுக்கை. நிற்கக்கூடியவர் என் மாமனார் ஒருவர்தான். "நீங்க வந்தே ஆகணும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மாமனார் மீதி பன்னைத் தின்னாமல் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார்.

"அவர் வருவாரா?" என்றேன்.

"வரணும்" என்றாள் வெர்லா. "சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அப்பா அந்த மைதானத்துல தலைநிமிந்து நிக்கிறத நான் பாக்கணும். எனக்கு அது போதும்."

எங்கள் அமெரிக்கக் கால்பந்துக்குப் பெயரில்தான் கால், மற்றதெல்லாம் கை. எறிவதும் கை, பிடிப்பதும் கை. ஐம்பத்தேழில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்து அணியான வெட்டுக்கிளிகள் ஒன்பது ஆட்டம் வரிசையாக ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர்க் காளைகளோடு மோதினார்கள். பதினான்குக்குப் பத்து என்று பின்தங்கியிருந்தபோது, இன்னும் பதினோரு விநாடி. எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஆர்லின் தன்னந்தனியாக நிற்கிறார், சுற்றிலும் ஈ காக்கை இல்லை. அங்கே பிடித்தால் ஆறு புள்ளி, ஆட்டம் எங்கள் ஊருக்கு. பந்து நேராக அவர் கைக்கு வந்தது. கைக்கு வந்தது, தரைக்குப் போனது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கான்சாஸில் ஒரு சின்ன ஊரில் இதை 'அவ்வளவுதான்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். தபால்காரர் கடிதம் நீட்டினால், "பாத்துப் பிடி ஆர்லின்." பல்பொருள் கடையில் முட்டை வாங்கினால், "பாத்துப் பிடி ஆர்லின்." சொல்கிறவர்களுக்கு அது விளையாட்டு. கேட்கிறவர் அன்றிலிருந்து அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் நன்றாக ஓடுகிற டிராக்டரைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்வார்.

வெர்லாவின் வருத்தம் வேறு. அப்பா அவளைத் திட்டியதில்லை, அடித்ததில்லை, தூக்கிக் கொஞ்சியதும் இல்லை. பையன் பிறக்கவில்லையே என்று அவருக்கு ஏமாற்றம் என்பது அவள் அம்மா சொன்ன காரணம். அந்த ஏமாற்றத்தை வெர்லா அறுபத்தோரு வயது வரைக்கும் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பிடிக்காததால் நாங்கள் இதைப் பேசுவதில்லை.

என் பாடு தனிக் குழப்பம். நான் படித்தது காளைகளின் பல்கலைக்கழகத்தில். அன்று ஜெயித்தது நாங்கள்தான். மாமனார் வீட்டுக்குள் மட்டும் அந்த விஷயத்தில் நான் வாய் திறக்கமாட்டேன்.

மறுநாள் காலை காபிக் கடையில் வெர்ஜில் என்னைப் பிடித்துக்கொண்டான். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், வெட்டுக்கிளி வெறியன். குளிருக்கு மட்டுமில்லாமல் கோடைக்கும் பச்சைக் குல்லாய்தான்.

"வாங்க, சாம்பியனோட மாப்பிள்ளை!"

"எப்படிடா சாம்பியன்? நாங்க உங்கள ஜெயிச்சோம்."

"ஜெயிச்சீங்க. யாரு இல்லேன்னா?"

"அப்ப நாங்க யாரு?"

"சாம்பியனை ஜெயிச்சவங்க. சந்தோஷப்படு."

அந்தக் காலத்தில் சாம்பியனை முடிவுசெய்ய இறுதி ஆட்டம் என்று ஒன்றும் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள், பயிற்சியாளர்கள் தனியாக ஓட்டுப் போடுவார்கள். அதுபோக, கணக்குத் தெரிந்தவன் எவனும் ஒரு பட்டியல் போடலாம். ஒஹாயோவில் ஒரு கணக்கு வாத்தியார் அப்படி ஒன்று போட்டு, கைக்காசில் நூறு பிரதி அச்சடித்தாராம். அதில் வெட்டுக்கிளிகள் முதலிடம். அந்தப் புத்தகம் இந்த வருஷம்தான் நூலகப் பெட்டி ஒன்றில் கிடைத்திருக்கிறது.

"அந்த ஒரு வருஷத்துக்கே ஏற்கெனவே மூணு காலேஜ் சாம்பியன்னு சொல்லிக்குது" என்றேன்.

"நாலாவதா நாங்களும் இருந்துட்டுப் போறோம். இடமா இல்ல?"

"தோத்த ஆட்டத்த என்னடா பண்ணாரு உன் வாத்தியார்?"

"கழிச்சுட்டாரு. கழிச்சும் நாங்கதான் மேல. கணக்குப்பா. உங்க காலேஜ்ல அது சொல்லித்தரமாட்டாங்க."

கடை முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக்கொண்டேன்.

இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்போது ஏன்? எல்லாம் கூட்டணி மாறியதால் வந்தது. தொலைக்காட்சி ஒப்பந்தத்துக்காகக் கல்லூரிகள் கட்சி தாவுகிற காலம் இது. எங்கள் ஊர் வெட்டுக்கிளிகள் 'மத்திய எட்டு' என்ற கூட்டணிக்குப் போய்விட்டார்கள். மத்திய எட்டில் பதினாறு அணிகள். அதில் இரண்டு கடற்கரை ஓரத்தில். என் காளைகளோ 'கடலோரக் கூட்டணி'யில் சேர்ந்தார்கள். எங்களுக்கு மிக அருகில் இருக்கிற கடலே அறுநூறு மைல் தள்ளி. இருபது மைல் தள்ளி இருக்கும் இரண்டு கல்லூரிகள் நூறு வருஷமாக மோதியது போய், இனிமேல் ஒருவரை ஒருவர் பார்க்கவே போவதில்லை. புதுக் கூட்டணியின் மலரில் ஒவ்வொரு கல்லூரியும் வாங்கிய பட்டங்களைப் போடுவார்களாம். எங்கள் ஊர்க் கல்லூரியின் பக்கம் வெறுமையாக இருந்திருக்கிறது. வெறும் பக்கத்தை நிரப்ப ஒரு கமிட்டி, ஒரு வாத்தியார், ஒரு கிழவர்.

வியாழக்கிழமை மாமனார் என் கடைக்கு வந்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் ஒரு திருகாணி வாங்கக்கூட அவர் என் கடைக்கு வந்ததில்லை. ஸ்பேனர்கள் மாட்டியிருந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டெல்மர், நீ அந்தப் பக்கத்து ஆளு. நேராச் சொல்லு. அன்னிக்கு நாங்க தோத்தமா இல்லையா?"

"தோத்தீங்க மாமா. பதினாலுக்குப் பத்து."

"அது மாறலையே?"

"மாறல."

"ஆனா பட்டம் எங்களுது."

"அப்படித்தான் சொல்றாங்க."

"நான் அதப் பிடிச்சிருந்தா?"

"அப்பவும் உங்களுதுதான்."

"பிடிக்கலேன்னாலும் எங்களுது." அவர் விரலை மடக்கி மடக்கி எண்ணினார், கணக்கு அவருக்கு இன்னும் விளங்காத மாதிரி. "அப்ப நான் விட்டதுனால ஒண்ணும் போகல."

"ஒண்ணும் போகல மாமா."

நல்ல சேதி சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அப்போ எனக்குப் போனதெல்லாம் எதுக்குடா போச்சு?"

பந்தை எறிந்தவனும் அன்று அவரைத் திட்டிய பயிற்சியாளரும் செத்து வருஷங்களாகின்றன. கேட்டுக்கொள்ள ஒரு உதிரிபாகக் கடைக்காரன்தான் மிச்சம். அதுவும் எதிராளி. நான் ஒரு பெட்டியைத் திறந்து மூடினேன். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். வெர்லாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் மற்றதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நல்ல காற்று. மாமனார் சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் எனக்கும் ஒரு பச்சைக் குல்லாயைக் கொடுத்தார்கள். நான் அதை மடியிலேயே வைத்திருந்தேன்; இந்தக் கூட்டத்தில் யாருக்குக் கைதட்டுவது என்றே எனக்குப் புரியவில்லை.

இடைவேளையில் எங்கள் மூன்று பேரையும் மைதானத்துக்குள் கூட்டிப்போனார்கள். கோல்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பின்னால் வாத்தியக் குழு வரிசை கட்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஒன்பது வெற்றிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பத்தாவது ஆட்டம் என்று ஒன்று நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. ஆர்லின் ப்ரோக்மன் என்ற பெயர் வந்ததும் நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அவருக்கு முட்டை விற்றவர்களின் பேரன்கள்தான் எல்லாரும்.

கோல்பி மோதிரத்தைப் போட்டுவிட்டான். வெர்லா சிரித்தபடி, "எப்படி இருக்குப்பா?" என்றாள்.

அவர் மோதிரத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"உன் ஞானஸ்நானத்தன்னிக்கு உன்ன என் கையிலதான் குடுத்தாங்க. சர்ச்சு முழுக்கப் பாத்துட்டிருந்தாங்க. யாரோ சிரிச்சாங்க. நான் வாங்கல. ரே சித்தப்பன்தான் தூக்கினான்."

"தெரியும்பா. பையன் இல்லேன்னு உங்களுக்குக் கோவம். அம்மா சொல்லிருக்கா."

"நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

வெர்லாவின் சிரிப்பு நின்றது.

"உன்னையும் கீழ விட்டுடுவேனோன்னு பயந்தேம்மா. பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கோவம்னா ஊருக்குப் புரியும். அதுக்கப்புறம் எத்தன தடவை... நீ தூங்கறப்பகூட..." "இப்ப வந்து ஒண்ணுமே போகலைங்கறாங்க."

"அறுபத்தோரு வருஷம்பா." அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் என்ன தப்பு பண்ணேன்னு தேடிட்டு இருந்தேன். அறுபத்தோரு வருஷம்."

அவர் இரண்டு கைகளையும் அவள் பக்கம் நீட்டினார். எண்பத்தேழு வயதுக் கைகள். நாற்பதாயிரம் பேரும், கிழவர் தங்களுக்குத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

வெர்லா நகரவில்லை.

"போயேன்" என்று அவள் காதில் சொன்னேன்.

"இரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் நிக்கட்டும். நான் நின்னேன்ல?"

கோல்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மேடம், ஆட்டம் ஆரம்பிக்கணும், மைதானத்த விட்டு..." என்றான். "சும்மா இருடா" என்றேன் நான். வாத்தியக் குழு வாசித்து முடித்துவிட்டது. இரண்டு அணிகளும் ஓரத்துக்கு வந்துவிட்டன. கோடு போட்ட சட்டை நடுவர் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். மாமனார் கைகளை இறக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைப்பதற்காகக்கூட அவர் இறக்கவில்லை.

அப்புறம்தான் வெர்லா அவரிடம் போனாள்.