சீட்டின் பின்பக்கம்

வண்டிக்காரர் மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தபோது தம்பி கேட்டுக்கு வெளியே நின்று அக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட அம்மா, உள்ளே தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடத்தப்பட்டிருந்தாள். இரண்டு மணிக்கு எடுத்தாக வேண்டும். இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

"உள்ள வாக்கா. முகத்தை ஒரு தடவை பாத்துடு."

"வாசல் மிதிக்காதேன்னு சொன்னது அவங்க. வான்னு அவங்கதான் சொல்லியிருக்கணும்."

"ஏழு வருஷமா சொன்னாங்களே. இதோ பாரு." செல்போனை நீட்டினான். அம்மாவுக்குக் கோபம் இல்லை, அம்மா உன்னைத் தேடுறாங்க என்று மாதம் தவறாமல் அவளுக்குச் சேதி போயிருந்தது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் நீ எழுதினது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொய் சொல்லி சமாதானம் பண்றது சின்ன வயசுலேருந்தே உன் வேலைதானே."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா மாதாமாதம் ஒரு சீட்டு எழுதி, "இதை அப்படியே தபால்ல போட்டுடுடா" என்றுதான் கொடுப்பாள். லிப்ட் ரிப்பேருக்கு ஊரெல்லாம் அலைகிறவனுக்குத் தபாலாபீஸ் போக ஏது நேரம்? சேதி போனால் சரிதானே என்று ஒரு வரியாகச் சுருக்கித் தட்டிவிட்டுச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடுவான். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. "பதில் வந்துச்சா?" என்று அம்மா முந்தாநாள்கூடக் கேட்டாள்.

அத்தனையையும் சொல்லிவிட்டான். அக்கா ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஒண்ணுகூட இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

முந்தாநாள் கேட்டபோதே அம்மா அவன் கையில் ஒரு சீட்டைத் திணித்திருந்தாள். அதை இன்னும் தட்டி அனுப்பவில்லை. அவன் உள்ளே ஓடி வேலைப் பையைத் தரையில் கவிழ்த்தான். ஸ்பேனர்களும் ஒயர்களும் சிதறின.

"தம்பி, நேரமாச்சு" என்றார் வண்டிக்காரர்.

"ரெண்டு நிமிஷம்ணே."

கிரீஸ் டப்பாவுக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது. 'எட்டு எம்.எம். போல்ட், மூணு' என்று இருந்தது. அவன் கையெழுத்துதான். திருப்பினான். மறுபக்கம், எண்ணெய்க் கறைக்கு நடுவே, அம்மாவின் சாய்ந்த எழுத்துகள். அவன் படிக்கவில்லை. படிக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டே படித்தாள்.

'நீலத்துணியில் உனக்குச் சட்டை வெட்டிவிட்டேன். உடம்பு தைத்தாகிவிட்டது. கை மட்டும் வைக்கவில்லை. தோள் அளவு பழசு, நீ இப்போது எப்படி இருக்கிறாயோ. நான் அன்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வந்து போட்டுக்காட்டு.'

கடைசி வரியை அவள் விரலால் தடவினாள். அம்மா எப்போதும்போல் பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்.

"கிளம்பலாமாம்மா?" என்றார் வண்டிக்காரர், அவள் யாரென்று தெரியாமல்.

"கொஞ்சம் இருங்க."

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மெஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலச்சட்டையை எடுத்து, போட்டிருந்த உடுப்பின் மேலேயே மாட்டிக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் நின்றாள். தோளில் கொஞ்சம் பிடித்தது. அங்கே அம்மா குத்தி வைத்திருந்த குண்டூசியை அவள் எடுக்கவில்லை.

தம்பி தரையில் உட்கார்ந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.