இடதுகால் சப்பாத்து

பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் ‘மீண்டும் மணியோசை’. கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் மணியே கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைத்தான் தட்டுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான்களுக்கு அதெல்லாம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கணித ஆசிரியை ஜீவராணி நினைத்துக்கொண்டாள்.

திட்ட அலுவலர் றொக்சன் நல்ல பிள்ளைதான். நல்ல மழைக்கோட்டும் போட்டிருந்தார். பதினோராம் தரத்து முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் இடைவிலகிய மாணவர்களில் எத்தனை பேரைத் திரும்ப அழைத்துவர முடியும் என்று கேட்டார். அதிபர் யோகேஸ்வரன் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

“தீபாவளி முடிஞ்சு ரெண்டாம் நாள் விழாவ வைங்க சேர். எல்லாரும் வந்திருவாங்க.”

வருவார்கள்தான். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்யும் மலையகத்துப் பிள்ளை எந்த மூலையில் இருந்தாலும் தீபாவளிக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தே தீரும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது வரும். பண்டிகைக்கு வந்தவர்களைப் பிடித்து, படிப்புக்கு வந்தவர்கள் என்று மேடையில் ஏற்றுவதற்கு ஒரு திட்டமும் தேவையில்லை, ஓர் அலுவலரும் தேவையில்லை. கொஞ்சம் வெட்கமில்லாமல் இருந்தால் போதும், அது அதிபரிடம் தாராளமாக இருந்தது.

வந்த பையன்களில் ஒருவனிடமும் சீருடை இல்லை. அதற்கும் அதிபர் வழி கண்டுபிடித்தார். பதினோராம் தரத்துப் பையன்களின் வெள்ளைச் சட்டைகளைக் கழற்றி வாங்கி, தலைமயிருக்குச் செம்பட்டை பூசிவந்த இந்த வீரர்களுக்கு மாட்டிவிட்டார். நாள் தவறாமல் வகுப்புக்கு வந்த பையன்கள் விழா முடியும்வரை விஞ்ஞானகூடத்தில் பெனியனோடு குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் மாலை, கைதட்டல், படம் எடுப்பு. ஆளுக்கொரு புத்தகப்பை, ஆளுக்கொரு சோடிச் சப்பாத்து. கொழும்பில் இரண்டு வருடமாகக் கொத்துரொட்டி போடும் திலக்ஷன், மாலையைத் திருத்திக்கொண்டு கமெராவைப் பார்த்துச் சிரித்தான். றொக்சன் மைக்கைப் பிடித்தார். “தைப்பொங்கல் முடிந்ததும் அடுத்த விழா. திரும்பி வரும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பையும் சப்பாத்தும் காத்திருக்கும்,” என்றார்.

திங்கட்கிழமை காலை திலக்ஷன் கொழும்பு பஸ் ஏறினான். புதுப் புத்தகப்பை அவன் தோளில் இருந்தது. அதற்குள் அவனுடைய உடுப்புகள் இருந்தன.

அதைப் பார்த்து ஜீவராணி வாய்க்குள்ளேயே திட்டினாள். ஆனால் அடுத்த அடி தன் வகுப்பிலேயே விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரம் முழுதும் முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது சுலக்ஷனாவின் இடம். கணக்கு என்றால் அந்தப் பிள்ளைக்குத் தின்பண்டம் மாதிரி. பங்குனியில் நடக்கும் பரீட்சையில் அந்தப் பள்ளியிலிருந்து யாராவது தேறி உயர்தரத்துக்குப் போவார்கள் என்றால் அது அவள்தான்.

பள்ளி விட்டதும் ஜீவராணி லயத்துக்கே போனாள். சுலக்ஷனாவின் அம்மா நாகலெட்சுமி அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இளைய மகள் அடுப்படியில் இருந்தாள். சுலக்ஷனா ஒரு பைக்குள் உடுப்பு மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திலக்ஷனின் முதலாளி வீட்டில் குழந்தை பார்க்க ஆள் வேண்டுமாம்.

“அக்கா, பங்குனியில பரீட்சை. இப்ப போயி பிள்ளைய அனுப்புவீங்களா?”

“அனுப்பாட்டி எப்பிடிங்க டீச்சர் திரும்பி வாறது?” என்றாள் நாகலெட்சுமி. “திரும்பி வந்தவங்களுக்குத்தானே குடுக்கிறாங்க. அந்த சேர் மைக்ல சொன்னத என் காதால கேட்டேன்.”

“அது உங்க மகளுக்குச் சொன்னது இல்லக்கா.”

“அதத்தான் நானும் சொல்றேன். மழையிலயும் அட்டைக்கடியிலயும் ஒரு நாள் விடாம போனா எம் மக. அவளுக்கு ஒரு பென்சில் குடுத்தாங்களா? ஓடிப் போனவனுக்கு மாலை. இவ பிஞ்ச சப்பாத்த நூலு வச்சுத் தச்சுப் போட்டுக்கிட்டு, அங்க நின்னு கைதட்டிட்டு வந்தா. பொங்கலுக்கு எம் மகளும் திரும்பி வருவா. குடுக்கட்டும்.”

“சப்பாத்து நான் வாங்கித் தாறேன்.”

“நாங்க உங்ககிட்ட பிச்சை கேக்கலங்க டீச்சர்.”

 அந்தப் பேச்சில் எங்கே பிழை என்று ஜீவராணி தேடிப் பார்த்தாள். பிழை பேச்சில் இல்லை, மேடையில் இருந்தது. திரும்பி நடக்கும்போது நாகலெட்சுமி மேல் வந்த கோபமெல்லாம் வழியிலேயே றொக்சன் பக்கம் திரும்பியது, அதிபர் பக்கம் திரும்பியது. கடைசியில் அந்த மேடைக்குக் கோலம் போட்டுக் கொடுத்த தன் பக்கமும் கொஞ்சம் திரும்பியது.

பொங்கல் வந்தது. சொன்னபடியே பிள்ளைகளும் வந்தார்கள். திலக்ஷன் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தான். அதிபர் அவனை வரிசையின் கடைசியில் நிற்கவைத்து, தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார். சுலக்ஷனாவும் வந்திருந்தாள். உடுப்புத் தோய்த்துத் தோய்த்துக் கைவிரல்கள் சவர்க்காரத்தில் வெடித்திருந்தன. ஜீவராணியைக் கண்டதும் சுகம் விசாரிக்கக்கூட இல்லை.

“டீச்சர், திரிகோணகணிதம் முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“முடிச்சிட்டேன். நீ இருப்பியா?”

“அம்மா திங்கக்கிழம போகச் சொல்றாங்க. அந்த வீட்டுல எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்களாம்.” சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். அந்தப் பிள்ளை அழுதிருந்தால்கூட ஜீவராணி தாங்கியிருப்பாள்.

விழாவுக்கு முந்தைய மாலை, சப்பாத்துப் பெட்டிகளைக் கணித அறையில் வைத்துப் பூட்டினார்கள். பள்ளியில் ஒழுங்காகப் பூட்டு விழுகிற கதவு அது ஒன்றுதான். அந்தப் பூட்டின் திறப்பு ஜீவராணியிடம் இருந்தது. எல்லோரும் போனபிறகு அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வலதுகால் சப்பாத்தை எல்லாம் எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். பெட்டி குலுங்கக் கூடாது அல்லவா? ஒவ்வொரு பெட்டியிலும் காலியான இடத்தில் கடந்த வருடங்களின் கணித வினாத்தாள்களைச் சுருட்டித் திணித்தாள். இந்தத் திட்டத்தில் படிப்பு சம்பந்தமான பொருள் ஒன்று பிள்ளைகளின் கைக்குப் போனது அன்றைக்குத்தான்.

மறுநாள் விழாவில் மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். மூடிய பெட்டியோடு படமும் எடுத்தார்கள். றொக்சன் கண்கலங்கி விடைபெற்றார். அவருடைய வாகனம் வளைவில் மறைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, லயங்களில் சத்தம் கிளம்பியது.

முதலில் ஓடிவந்தவர் அதிபர். “ஜீவராணி டீச்சர், எல்லாப் பெட்டியிலயும் இடதுகால் மட்டும் இருக்காம். கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“கடைக்காரன் ஒழுங்காத்தான் அனுப்பினான் சேர். மத்தது என் அலுமாரியில இருக்கு. கணிதப் பரீட்ச எழுதிட்டு வாறவங்களுக்குக் குடுப்பேன்.”

அதிபர் வாயைத் திறந்தார். “நான் மேல அறிவிக்க வேண்டி வரும்.”

“அறிவிங்க சேர். றொக்சன் சேர் உடனே வருவாரு. வந்து, திரும்பி வந்த பிள்ளைங்க எந்த வகுப்புல இருக்காங்கன்னு கேப்பாரு. நீங்களே காட்டுங்க.”

அதிபர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் பதவிக்கு வந்தபிறகு செய்த உருப்படியான காரியம் அது என்று ஜீவராணி பின்னாளில் சொல்வதுண்டு.

திலக்ஷன் இடது சப்பாத்தைப் பள்ளி வாசலிலேயே விட்டெறிந்துவிட்டு பஸ் ஏறினான். மற்றப் பையன்களும் அப்படியே போனார்கள். ஜீவராணிக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஒரு காலத்தில் அவனும் அவளிடம் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்தவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி ஜீவராணியின் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். கையில் இடது சப்பாத்து.

“இதென்ன அநியாயம் டீச்சர்? ஒத்தச் சப்பாத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

“பங்குனி வரைக்கும் பத்திரமா வச்சிருங்க.”

“படிச்சவங்க செய்யிற வேலையா இது?”

“படிச்சவங்க செஞ்ச வேலையாலதான் உங்க மக கொழும்புக்குப் போனா. இப்ப நான் வேற மாதிரி செஞ்சு பாக்கிறேன்.”

நாகலெட்சுமி திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினாள். ஆனால் அவள் கைக்கு வந்த பொருளைப் பாதியில் விடுகிறவள் இல்லை. ஓடிப் போனால்தான் கிடைக்கும் என்றபோது மகளை ஓடவைத்தவள், இருந்தால்தான் கிடைக்கும் என்றதும் இருக்கவைத்தாள். திங்கட்கிழமை பஸ் போனது. முன்வரிசையில் சுலக்ஷனா உட்கார்ந்திருந்தாள், பெட்டிக்குள் இருந்த வினாத்தாளில் பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள்.

பங்குனியில் பரீட்சை வந்தது. கணித வினாத்தாள் நாளன்று சுலக்ஷனா அதே நூல் தைத்த சப்பாத்தோடு மண்டபத்துக்குள் போனாள். வெளியே வந்து, “கடைசிக் கேள்வி மட்டும் கொஞ்சம் இழுத்துச்சு டீச்சர்,” என்றாள். ஜீவராணி அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஒரு கேள்வி மட்டும் இழுத்தது என்றால் மற்றதெல்லாம் சரி என்று அவளுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் நல்ல மழை. நாகலெட்சுமி கொழுந்து பறித்த மலையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தாள். தலையில் உரப்பையை மடித்துப் போட்டிருந்தாள். ஜீவராணி அலுமாரியைத் திறந்து வலது சப்பாத்தை எடுத்துக் கொடுத்தாள். நாகலெட்சுமி மடியிலிருந்து இடது சப்பாத்தை வெளியே எடுத்தாள். இரண்டையும் அடிக்கு அடி வைத்துப் பார்த்து, சோடிதான் என்று உறுதி செய்துகொண்டாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை, ஜீவராணியும் எதிர்பார்க்கவில்லை.

வாசல்வரை போனவள் நின்றாள்.

“உயர்தரம் எத்தன வருசங்க டீச்சர்?”

“ரெண்டு வருசம் மாதிரி போகும்.”

“அதுக்கு என்ன குடுப்பீங்க?”

ஜீவராணி அவள் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த உரப்பையைப் பார்த்தாள்.

“குடை,” என்றாள். “கம்பிய இப்ப தாறேன். துணி, பரீட்ச முடிஞ்ச பெறகு.”

நாகலெட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“பெருங்குடையா பாருங்க. எளையவளும் கூடத்தானே வருவா,” என்றுவிட்டு மழைக்குள் இறங்கினாள்.