ஒன்பதாவது கண்ணாடி

“பக்கத்துல லாரி போனதுல கட்டடமே கொஞ்சம் அதிர்ந்திருக்கலாம்டி, ஒருவேளை—”

“லாரியா? என்னக்கா லாரி! பதினாலு மாசம் வெயில் பின்னாடியே நாய் மாதிரி ஓடியிருக்கேன், நீ—”

“கத்தாதே, அவர் காதுல—”

“விழட்டும். விழணும்னுதான் கத்தறேன். பேரு ரசமட்டமாம், மாட்டினது மட்டும் கோணல்!”

ஏணியடியில் நின்ற இரும்பு வேலைக்காரர் தலை நிமிரவில்லை. டீ குடிக்கப் போனால்கூடச் சட்டைப் பையில், கோணல் பார்க்கும் ரசமட்டத்தோடு போகிறவர். அதுவே பெயராக நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிடம் யோசிப்பார் என்று அக்கா கேலி செய்வதுண்டு. இன்று அவளுக்குக் கேலி வரவில்லை. லாரி எங்கிருந்து தன் வாயில் வந்து விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்கா போட்டோ எடுக்கிறவள்; தங்கை வெளிச்சத்தைக் கொண்டு சிற்பம் செய்கிறவள். அந்தப் பழைய கிடங்கின் கூரையில் ஒரு திறப்பு. அதன் கீழே இரும்புக் கம்பிகளில் ரசமட்டம் மாட்டிக் கொடுத்த ஒன்பது கண்ணாடிகள். காலை முழுக்க ஒன்பது வெளிச்சத் துண்டுகளும் சுவரில் ஆளுக்கொரு மூலையில் அலைந்துகொண்டிருக்கும். பதினொன்று பத்துக்கு எல்லாம் நெருங்கி வந்து, பாதி திறந்த கதவாக நிற்கும். நாலே நிமிடம்தான். அப்புறம் கலைந்துவிடும்.

அதைப் பார்க்கத்தான் இன்று அருங்காட்சியகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். எட்டுத் துண்டுகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஒன்பதாவது, கதவின் மேல் மூலையாக நிற்க வேண்டியது, வந்தவர்களில் மூத்தவரின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. அவர் நகர்ந்தார். வெளிச்சம் அடுத்தவர் காதுக்குப் போனது.

“எலி கடிச்ச கதவோ?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் பார்க்க முடியவில்லை. கேமராவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

“அண்ணே, நேராச் சொல்லுங்க. நட்டை முறுக்கினீங்களா, இல்லையா?”

“ஒண்ணொண்ணையும் ரெண்டு தடவை முறுக்கினேம்மா.”

“அப்போ கண்ணாடி தானா கழுத்தைத் திருப்பிக்கிச்சா?”

“தானாத் திரும்பாதும்மா.” அவர் மேலே பார்த்தார். “ஏறிப் பார்த்துடறேன்.”

“வேண்டாம்!” என்றாள் அக்கா. சொன்ன வேகம் அவளுக்கே திக்கென்றது. “இப்ப எதுக்கு, அவ கோபம் ஆறட்டும்...”

“என் கோபம் ஆறாது. நீ ஏன் எப்பப் பார்த்தாலும் ஊருக்கெல்லாம் குடை பிடிக்கிறே? ஏறுங்க அண்ணே, ஏறி உங்க லட்சணத்தை நீங்களே பாருங்க.”

அதற்குள் தங்கையின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. “அவங்கதான்” என்று வாயசைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ரசமட்டம் அண்ணன் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படியையும் அக்கா எண்ணினாள்.

மூன்று நாளைக்கு முன்னால் அவள் இங்கே தனியாக வந்திருந்தாள். அழைப்பிதழுக்குக் கதவைப் படம் எடுக்க வேண்டும். பதினொன்று பத்து வரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. பத்தரைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. படத்தில் விழுந்திருப்பது எந்த நேரத்து வெயில் என்று யார் கேட்கப் போகிறார்கள்? கொண்டைக்குள் எப்போதும் செருகியிருக்கும் வெள்ளைப் பென்சிலை எடுத்து, கண்ணாடி இருந்த நிலைக்கு ஒவ்வொரு கம்பியிலும் கோடு போட்டுக்கொண்டாள். நட்டைத் தளர்த்தி ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, கதவை ஒன்பது நாற்பதுக்கே வரவழைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல் அது வந்து நின்றது. எடுத்தாள். பிறகு கோட்டுக்குக் கோடு எட்டைப் பழையபடி வைத்தாள். உச்சியில் இருந்ததற்கு ஏணியில் கால் வைத்தபோது தலைமையாசிரியை போனில் பிடித்துக்கொண்டாள்: “நூத்தியிருபது பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க, நீங்க எங்கே இருக்கீங்க?” இதோ வந்துட்டேன் என்று இறங்கியவள்தான். அப்புறம் இரண்டு நாளும் மேகமூட்டம்; சுவரில் கதவு வரவே இல்லை. அந்த ஒன்பதாவது கண்ணாடி இன்று காலை வரை அவள் நினைப்பிலேயே இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்தார்கள். “என் கண்ணே உன் கண்தான்க்கா” என்று தங்கை கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது வாயைத் திறந்தால் கண்ணாடி மட்டுமல்ல, படமும் பொய்யாகிவிடும்.

அவர் இறங்கி வந்தார். கையைத் துண்டில் துடைத்தார். அவளைப் பார்க்காமல் ரசமட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“நான் இரும்புல சாக்பீஸ்லதான் கோடு போடுவேன்.”

அவள் கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“அங்கே வெள்ளைப் பென்சில் கோடு இருக்கு. மத்த எட்டுலயும் கோடும் கண்ணாடியும் ஒட்டி நிக்குது. உச்சியில மட்டும் கோடு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்.”

அக்காவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பென்சில் அங்கேதான் இருந்தது. அதைப் பிடுங்கி எங்கே ஒளிப்பது? அவர்தான் பார்த்துவிட்டாரே. இருபது வருடம் மற்றவர்களை நேராக நிற்கச் சொல்லிப் படம் எடுத்தவளுக்கு, அந்த நிமிடம் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“கண்ணாடியைக் கோட்டுக்குக் கொண்டுவந்து வெச்சுட்டேன்” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “துண்டை நனைச்சுத் துடைச்சா கோடும் போயிடும். அக்கா தங்கச்சிக்கு நடுவுல நான் எதுக்கு. துடைச்சுடட்டுமா?”

“அண்ணே... வேண்டாம். நானே... அவ வந்ததும் நானே சொல்லிடறேன்.”

“உங்க இஷ்டம்மா” என்று அவர் ஏணியை மடக்கினார்.

வாசலில் செருப்புச் சத்தம். தங்கை ஓடிவந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தபடி, சிரித்தபடி.

“அக்கா! வெள்ளிக்கிழமை மறுபடி வர்றாங்களாம்! உன் படத்துல அவ்வளவு அழகா நின்ன கதவு நிக்காமப் போகாதுன்னு அந்த வழுக்கைக்காரரே சொன்னாராம்!”

“இங்க பாரு, நான் ஒண்ணு உன்கிட்ட...”

“இரு, இரு, முழுசாக் கேளு.” தங்கை ஏணிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவர் நிற்கிறார் என்று தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை. “ஒரே ஒரு நிபந்தனை. மாட்டினவரை மாத்தணுமாம். நானும் சரின்னுட்டேன். நாலு இடம் போய் வர்றவ நீ. கைசுத்தமா வேலை செய்யற ஆள் யாராவது இருந்தா சொல்லேன்க்கா?”