தானா கெட்டதா, கெடுத்ததா

என் பெயர் சக்கரபாணி. மில்லில் பதினாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். இப்போது சாரம் கிராமத்துக்குப் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்டு, ஆயில் இன்ஜின், பம்ப் என்று எது வந்தாலும் பார்க்கிறேன். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிஷின் விஷயத்தில் எனக்குப் பொய் வராது. உன் இன்ஜின் செத்துப்போச்சு, காயலான் கடைக்குப் போடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் பாதி வாடிக்கை ஓடிவிட்டது, மீதிப் பாதி அதற்காகவே வருகிறது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஆதிமூலம் வந்து கூப்பிட்டார். சாரத்தில் கத்திரியும் மிளகாயும் போடுகிற தோட்டக்காரர். அறுபது வயசைத் தாண்டியவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேஸ்திரி, வீட்டுல ஒரு உழவு மிஷின் கெடக்குது. அது ஓடுனாலும் சரி, ஓடாட்டியும் சரி. எனக்கு ஒன்னு தெரியணும். அது தானா கெட்டுச்சா, என் மவன் கெடுத்துட்டுப் போனானா? அத மட்டும் பாத்துச் சொல்லு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "குறி கேக்கணும்னா கோடாங்கிக்கிட்டப் போங்க. நான் உடுக்கை அடிக்கிறதில்ல."

"உனக்குப் பொய் வராதுன்னாங்க. அதான் வந்தேன்" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியில் அவரே சொன்னார். மகன் பெயர் பலராமன். ஒரு பிரெஞ்சுக்கார முசேயின் பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் அந்த முசே மூட்டை கட்டினார். போகும்போது தோட்டத்து மிஷினைப் பலராமனுக்கே கொடுத்துவிட்டார். இரண்டு சக்கரம், நீளமாக இரண்டு கைப்பிடி, ஒற்றை சிலிண்டர். ஆள் பின்னால் நடந்துகொண்டே ஓட்ட வேண்டும். தெருவில் அதற்கு வெள்ளைக்காரன் கன்னுக்குட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பலராமன் அதை வைத்தே முழுத் தோட்டத்தையும் உழுதுவிடலாம் என்றான். ஆதிமூலம் மாட்டை நம்புகிறவர். தினம் சண்டை. ஐம்பத்தாறில் ஒரு நாள் உழவு ஆட்கள் நாலு பேர் முன்னால் வாய் தவறிவிட்டது.

"இந்தத் தகரத்தக் கட்டிக்கிட்டு எங்கயாச்சும் போ, போன எடத்துலயே கெடன்னுட்டேன் மேஸ்திரி. அந்த மாசமே பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா கையெழுத்துப் போட்டுட்டான். அல்ஜேரிச் சண்டைக்கு அனுப்பிட்டாங்க."

அடுத்த வருஷம் ஒரு மாடு செத்தது. வேறு வழியில்லாமல் ஆதிமூலம் மிஷினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. மகன் அம்மாவுக்கு எழுதும் கடுதாசியில் எல்லாம் 'மிஷினை யாரும் தொட வேண்டாம்' என்று ஒரு வரி இருக்கும். அப்பனுக்கு உதவக் கூடாது என்றுதான் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஐம்பத்தொன்பதில் பலராமன் அங்கேயே சுடப்பட்டுச் செத்தான். அப்பனும் மகனும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

"என்னய வெறுத்துட்டே செத்தானான்னு ராவும் பகலும் இதே ரோதனை" என்றார்.

மிஷின் மாட்டுக் கொட்டகையில் கோணிக்கு அடியில் இருந்தது. ஆதிமூலத்தின் சம்சாரம் ஆயம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வேலையை ஆரம்பித்தேன். டேங்க்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். கார்ப்பரேட்டரை ஊதிவிட்டேன். பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டர் தலைமேல் படுக்கவைத்துக் கயிற்றை இழுத்தேன். பொறி இல்லை. என் பையில் இருந்த பிளக்கைப் போட்டு இழுத்தேன். இல்லை. வயரை மாற்றினேன். நிறுத்துவதற்காகக் கைப்பிடியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். ஊஹும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஆதிமூலம் என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் பழுது பார்க்கும்போது எவனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது மேக்னட்டோ. பொறியைப் பிறப்பிக்கிற இடம் அதுதான். அதற்குள்ளே பாயின்ட் என்று ஒன்று உண்டு, சின்னக் கை மாதிரி. தட்டித் தட்டித் திறந்து மூடினால்தான் பொறி விழும். கோபத்தில் கெடுக்கிறவன் அங்கேதான் ஸ்குருடிரைவரை விட்டுக் குத்துவான்.

மூடியைத் திறந்தேன். உள்ளே முழுக்கக் கிரீஸ். உப்புக்காற்று புகாமல் மெழுகுத் துணியைத் திணித்து, அதன்மேல் கிரீஸை வழித்து அடைத்திருந்தது. துணியை எடுத்தேன். கம்பிச் சுருளில் ஒரு புள்ளித் துரு இல்லை. ஸ்குருவின் தலையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பாயின்ட் கையைக் காணோம். கழற்றி எடுத்துவிட்டு, அந்த ஸ்குருவை மறுபடி அதே துளையில் முடுக்கிவைத்திருந்தான்.

மூடியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"சொல்லு மேஸ்திரி. கெடுத்துட்டானா?"

"கெடுக்கல பெரியவரே. கெடுக்கிறவன் கிரீஸ் வச்சு மூட மாட்டான். ஒரே ஒரு சாமானக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். வேற எவனும் ஓட்டக் கூடாது, எவனுக்கும் வித்துடக் கூடாதுன்னு. திரும்பி வந்து மாட்டிக்கலாம்னு வச்சிருக்கான்."

"என்னா சாமான்?"

விரலில் அளவு காட்டினேன். கட்டைவிரல் நீளத்துக்கு வளைந்த இரும்பு, ஒரு பக்கம் மெல்லிய தகட்டுச் சுருள், நுனியில் மிளகு மாதிரி ஒரு புள்ளி.

ஆயம்மா கதவை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். "பொட்டியில வந்துச்சே, அதுதாங்க. பர்சுக்குள்ள துணியில சுத்தி இருந்துச்சே. தாயத்துன்னு நெனச்சேனே!"

பட்டாளத்திலிருந்து ஒரு தகரப் பெட்டிதான் வந்திருக்கிறது. உடம்பு வரவில்லை. உடம்பு வராத சாவுக்கு வைக்கோலில் ஆள் கட்டி, செத்தவன் புழங்கின சாமானை அதன் மார்பில் வைத்துக் கொள்ளி போடுவது அவர்கள் வழக்கம். மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்க வேண்டும். வைக்கோலில் எலும்புக்கு எங்கே போவது? எரியாமல் கிடந்ததையெல்லாம் எலும்பாக வைத்துக் கலயத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆதிமூலம் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "சட்டைப் பித்தான் நாலு, பெல்ட்டுக் கொக்கி, அந்தத் துண்டு. நாந்தான் பொறுக்குனேன். மொதல்ல அதத்தான் எடுத்தேன், எலும்பு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. வைத்திக்குப்பத்துக் கடல்ல கழுத்துத் தண்ணியில நின்னு நானே கரைச்சேன்."

ஆயம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்ப, வர்றதாத்தான் இருந்தான்" என்றார் ஆதிமூலம்.

"ஆமா பெரியவரே. இல்லன்னா மூணு வருஷம் அத எதுக்குச் சுமக்கணும்?"

"போன எடத்துலயே கெடன்னு சொன்னேன். அப்பவும் வர்றதாத்தான் இருந்திருக்கான்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வேற பாயின்ட் தேடிப் புடிச்சு, அரத்தால ராவி மாட்டிடலாம். பத்து நாள்ல ஓட வச்சுடுறேன்" என்றேன்.

"வேணாம். அவன் வச்சிருந்த மாதிரியே வச்சு மூடிடு."

மெழுகுத் துணியைத் திரும்பத் திணித்தேன். கிரீஸை அவரே வாங்கி விரலால் வழித்து அடைத்தார். ஒழுங்காக அடைக்கத் தெரியவில்லை, நான் திருத்தப் போகவில்லை. மூடியை முடுக்கினேன். கோணியைப் போர்த்தினார்.

வாசல் படல்வரை என்னோடு வந்தார். சைக்கிளில் ஏறப்போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விரலில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"மேஸ்திரி, ஒன்னே ஒன்னு. கடல்ல கெடந்தா அது துருப் புடிச்சிடுமா?"

இரும்பு. அதுவும் நெருப்பில் வெந்த இரும்பு. உப்புத் தண்ணீரில் இரண்டு வருஷம். நுனியில் இருக்கிற அந்த மிளகுப் புள்ளி வேண்டுமானால் மிஞ்சியிருக்கும்.

"புடிக்காது பெரியவரே. அது வேற ஜாதி இரும்பு. போட்ட மாதிரியே கெடக்கும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை விட்டார். எனக்குப் பொய் வராது என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள் அல்லவா, அப்படியே நம்பிவிட்டார்.