நாரை பார்க்கப் போனவன்

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் அடித்த புயலில் கோட்டையூர்ப் பக்கம் பஸ் எல்லாம் நின்றுபோனது. கண்டக்டர் சேதுபதிக்கு வேலை இல்லை. இன்றாவது புருஷன் வீட்டில் இருப்பான் என்று ராமுத்தாய் நினைத்தாள். அவனோ மழைக்குக் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“இந்தக் காத்துல எங்குட்டுப் போறீக?”

“கம்மாய்க்குத்தான். கருவ மரத்துல நாரை குஞ்சு பொரிச்சிருக்குல்ல, என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

“மேக்காலச் செவரு ஊறிக் கெடக்கு. ஒரு கம்ப முட்டுக் குடுத்துட்டாச்சும் போங்க.”

“வந்து குடுக்குறேன்.”

மத்தியானம் அந்த மண்சுவர் உள்ளே சாய்ந்தது. சுவரோரம் மகள் அன்னக்கிளி தூங்கிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. ராமுத்தாயின் வலது கை மண்ணுக்கடியில் நசுங்கியது. பக்கத்து வீட்டு மீனம்மாளும் அவள் புருஷனும் மண்ணைத் தள்ளி இருவரையும் இழுத்தெடுத்தார்கள்.

பொழுது சாயத்தான் சேதுபதி வந்தான். சரிந்த வீட்டைப் பார்த்துப் பதறி மீனம்மாள் வீட்டுக்கு ஓடிவந்தான்.

“புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?”

“புள்ளைக்கு இல்ல. ஒங்க பொண்டாட்டிக்குத்தான் கை போச்சு” என்றாள் மீனம்மாள்.

மனைவி பக்கத்தில் குத்தவைத்து, துணி சுற்றிய கையையே பார்த்தான். அவன் கண் கலங்கியது. அந்த வலியிலும் ராமுத்தாய்க்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அப்போதுதான் அவன் அடக்கமாட்டாமல் வாயைத் திறந்தான்.

“அந்த மரமே ஒடியுறாப்புல ஆடுது ராமு. அப்பவும் தாய் நாரை றெக்கைய விரிச்சுக் குஞ்ச மூடிக்கிட்டு அசையாம நிக்கிது. நீ பாத்திருக்கணும்.”

ராமுத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மழை விட்டதும் அவள் அண்ணன் ஆண்டியப்பன் வந்து தாயையும் மகளையும் தேவகோட்டையில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். வைத்தியர் கட்டுப் போட்டும் கை கோணலாகத்தான் கூடியது. தை பிறந்ததும் அண்ணி பாத்திரங்களை ‘ணங்’கென்று வைக்க ஆரம்பித்தாள். வேறு போக்கிடம் இல்லை. ராமுத்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டையூருக்கே பஸ் ஏறினாள்.

சேதுபதி புதுச்சுவர் எழுப்பி, வெள்ளையும் அடித்திருந்தான்.

“இப்பல்லாம் நான் கம்மாய்ப் பக்கமே போறதில்ல, தெரியுமா?” என்றான், கூலிக்குக் கை நீட்டுகிறவனைப் போல.

“போனா என்ன, போகாட்டி என்ன” என்றாள் ராமுத்தாய். இடது கையால் உலையை இழுத்து அடுப்பில் வைத்தாள்.