உள்ளே பிதுங்கியது

பட்டறையில் எனக்குப் பட்டப்பெயர் 'பசை'. இன்ஜினில் மூட்டுகளுக்கு நடுவே வைக்கும் எந்தக் கேஸ்கெட்டை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சீலன்ட் பசையைத் தாராளமாகப் பூசித்தான் மூடுவேன். கஞ்சத்தனம் பண்ணினால் ஒழுகும், ஒழுகினால் என் பேர் கெடும். "அளவோட போடுப்பா" என்று எவனாவது சொன்னால் எரிந்து விழுவேன்.

மூன்று வாரம் முன்பு என் சகலையின் டாக்ஸியில், எண்ணெய் நிற்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பின் கேஸ்கெட்டை மாற்றியதும் அப்படித்தான். அந்த வண்டிதான் அவர் வீட்டுக்குச் சோறு போடுகிறது. நேற்று அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"பாலத்து மேல ஆயில் லைட் எரிஞ்சுது சகலை. உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டேன்."

"உடனேன்னா?"

"உடனேதான். பின்னாடி ஒரே ஹாரன். வண்டியில இருந்தவர் ரயிலுக்குப் போறவர், வாய்க்கு வந்தபடி திட்டினார். பாலம் இறங்குற வரைக்குமாவது ஓட்டுய்யான்னார். மாட்டேன்னு இறங்கித் தள்ளினேன்."

சகலை தன் நிழலைப் பார்த்தே பயப்படுவார் என்று வீட்டில் எல்லாரும் சிரிப்போம். அதிகம் சிரிப்பது நான்தான்.

வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி சம்ப்பைக் கழற்றினேன். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அது முழுக்கச் சாம்பல் நிறத் துணுக்குகள். சந்தேகமே இல்லை, என் சீலன்ட். போல்ட்டை முடுக்கும்போது வெளியே பிதுங்குவதைத் துணியால் துடைத்துவிடுவேன். உள்ளேயும் அதே அளவு பிதுங்கும் என்று இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. துணுக்குகளை வழித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

எண்ணெய் ஏறாமல் ஓடியிருந்தால் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கும். தேய்ந்தால் இன்ஜின் போச்சு, சகலையின் பிழைப்பும் போச்சு. இல்லாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு பேரிங் மூடியைக் கழற்றினேன்.

பேரிங் கண்ணாடியாக மின்னியது. விரலால் தடவினேன், ஒரு கீறல் இல்லை. அந்தக் கிராங்க் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிறது. அதற்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய். அத்தனை பாரமும் அதன் மேல்தான். இருபது வருஷமாக இதைக் கழற்றி மாட்டுகிறேன், நேற்றுதான் பார்த்தேன். மெய் சிலிர்த்தது. இன்னும் அரை நிமிஷம் ஓட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு நடுப்பாலத்தில் ஒரு மனுஷன் நின்றிருக்கிறார். அண்ணாந்து பார்த்தேன். பள்ளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பிச்சுதா சகலை?"

"நீங்க காப்பாத்திட்டீங்க." கையை விரித்துக் காட்டினேன். "அடைச்சது இதுதான். நான் பூசினது."

ஒரு துணுக்கை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். அது அறுபடவில்லை.

"சாமான் நல்ல சாமான்தான்" என்றார். "கைதான் கொஞ்சம் தாராளம்."

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"வேற பட்டறைக்குக் கொண்டு போயிடுங்க. செலவை நான் பாத்துக்கறேன்."

சகலை பள்ளத்துக்குள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு? உள்ள பிதுங்கும்னு அந்தப் பட்டறைக்காரனுக்குத் தெரியுமோ தெரியாதோ. உங்களுக்கு இனிமே மறக்காது. நீங்களே மூடுங்க."