மூன்று வீங்கிய கன்னங்கள்

பொன்னப்பன் தன் ஆள்காட்டி விரலை ஷட்டரின் கொண்டிக்குள் நுழைத்துக்கொண்டான். பூட்டு அந்தத் துளைக்குள்தான் போயாக வேண்டும்.

"விரலை எடும்," என்றார் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சத்தியதாஸ்.

"எடுக்க மாட்டேன் சாரே. வேணும்னா விரலோட சேத்துப் பூட்டும்."

உதியன்குளங்கரை ஜங்ஷனில் அவனுக்கு இருப்பது இந்த ஒரு டீக்கடை. கால் ஒடிந்து, மாவுக்கட்டோடு இரண்டு மாதம் வீட்டில் கிடந்து, இப்போதுதான் மறுபடி திறந்திருக்கிறான். இன்னொரு முறை மூடினால் வருகிறவர்கள் எதிர்க்கடைக்கே பழகிவிடுவார்கள்.

புகார் கொடுத்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இடப்பக்கம் அமரவிளை ஹார்டுவேர் கடை விஜயதாஸ், வலது கன்னம் வீங்கி. வலப்பக்கம் செங்கல் ஊர் நீலகண்டன், வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இடது கன்னம் வீங்கி. தங்கம் போட்டால் பொன்னுக்கு வீங்கி வற்றும் என்று இருவர் கழுத்திலும் மனைவியின் சங்கிலி கிடந்தது. தாடையைச் சுற்றித் துண்டு.

பதினொரு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. பஸ் வெயிட்டிங் ஷெட் சாலையின் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் வந்த சண்டை. கடைசியில் ஆளுக்கொன்று கட்டினார்கள். இரண்டின் முன்னாலும் பஸ் நிற்பதில்லை.

"இந்த ரெண்டு பேரும் ஒரே காயிதத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர், காகிதத்தைத் தட்டி. "அப்பம் அது சத்தியமாத்தான் இருக்கணும்."

"எப்பம் எனக்க கடையில குடிச்சிய?" என்றான் பொன்னப்பன்.

"முந்தாநாள்," என்றார் விஜயதாஸ். வாய் பாதிதான் திறந்தது; நீலகண்டன் பக்கம் கையைக் காட்டினார். "அவரு குடிச்ச கிளாஸ்ல பொறவு எனக்குத் தந்தே. நேத்து வீங்கியாச்சு."

நோயாளிகளைப் பார்க்க வந்திருந்த சுகாதார நிலையத்து நர்ஸ் விலாசினி சிரித்துவிட்டாள்.

"முந்தாநாள் குடிச்சு நேத்து வீங்க இது என்ன கொசுக்கடியா? பொன்னுக்கு வீங்கின்னு சொல்லுத இந்த முண்டிநீரு வைரஸாக்கும். எச்சில், இருமல், தும்மல் வழி உள்ள போவும். போயிட்டுச் சத்தம் காட்டாம இருக்கும். குறைஞ்சது பன்னிரண்டு நாள், கூடினா இருபத்தஞ்சு. முக்காவாசிப் பேருக்குப் பதினாறு, பதினெட்டு. அதுக்குப் பொறவுதான் கன்னம் தெரியும். வீங்கததுக்கு ரெண்டு நாள் முந்தியே அடுத்தவனுக்குக் கொடுக்கவும் தொடங்கியிருக்கும்."

பொன்னப்பன் விரலை வெளியே எடுத்தான்.

"சிஸ்டரே, கடை தொறந்து பத்து நாளுதான் ஆச்சு."

கூட்டம் வாய்விட்டு எண்ணிப் பார்த்தது. சரியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் மட்டும் அசையவில்லை. படிவத்தை நீட்டினார். "ஏழாவது கட்டம். நோய் பரவிய இடம். இதைக் காலியா விடப்பிடாது. இப்பம் இதுல உமக்க கடைதான் இருக்கு. அழிக்கணும்னா வேற இடம் சொல்லும். நாலு மணி வரை தாறேன்."

மணி இரண்டரை.

"பதினாறு பதினெட்டு நாளைக்கு முந்தி எங்க இருந்திய?" என்று பொன்னப்பன் இருவரையும் கேட்டான்.

"வீட்டுல," என்றார்கள் இருவரும் ஒரே நொடியில்.

அந்த வேகம் பொன்னப்பனுக்குப் பிடிக்கவில்லை. விலாசினியைத் தனியே அழைத்தான். "வேற ஆருக்காவது வந்துதா?"

"இவியளுக்கு முந்தி ஒருத்தனுக்கு உண்டு. பாறசாலைக்காரன். இப்பம் சுகமாயிட்டு. பேரு சொன்னா எனக்க வேலை போவும். கேக்காண்டாம்."

பொன்னப்பன் ஊன்றுகோலோடு ஆட்டோவில் ஏறினான். பாறசாலையில் எத்தனை கன்னங்கள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கவா முடியும்?

பாதி வழியில் பொறி தட்டியது. மாவுக்கட்டோடு படுத்திருந்த நாட்களில் அவனுக்கு ஒரே துணை, தெருவில் போகும் அனௌன்ஸ்மென்ட் ஜீப். பூஜை பம்பர் லாட்டரி, கண் பரிசோதனை முகாம், சர்ச் கன்வென்ஷன், எல்லாவற்றுக்கும் ஒரே குரல், பாறசாலை சவுண்ட்ஸ் கடை பிஜுவின் குரல். கடைசியில் ஒரு வாரம் மட்டும் பெண்குரல் வந்தது.

பிஜு ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எலே மக்கா, உனக்கு முண்டிநீரு வந்துதா?"

"வந்துது மாமா. ஒரு வாரம் கஞ்சிதான். தங்கச்சியாக்கும் ஜீப்புல விளிச்சா."

"வீங்கததுக்கு மொத நாளு, ரெண்டு நாளு முந்தி, இங்க ஆரெல்லாம் வந்தா?"

பிஜு எழுந்து கதவைச் சாத்தினான். "கஸ்டமரு ரகசியம் மாமா."

பொன்னப்பன் மேசைமேல் கிடந்த மைக்கை எடுத்தான். "இத வாயில முட்டிச்சுத்தானே 'செக் செக்'ங்கே?"

"ஒட்டிப் பேசினாத்தான் சத்தம் கனமா வரும்."

"உனக்குப் பொறவு இதுல வாய வச்சவங்களுக்கு?"

பிஜு மைக்கைப் பார்த்தான். பொன்னப்பனைப் பார்த்தான். முகம் மாறியது.

"நாலு மணிக்கு எனக்க கடையப் பூட்டப் போறாவ மக்கா."

பிஜு மொபைலை எடுத்து, ஹெட்போனைப் பொன்னப்பன் காதில் மாட்டினான். பத்து நொடி கேட்டதும் பொன்னப்பன் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இது அவியதானா?"

"ஆக்கும். ஆறு வருஷமா எல்லா வியாழக்கிழமையும். ஒராளு முன்வாசல், ஒராளு பின்வாசல். இத ஆருட்டயும் சொல்லாம அடக்கி அடக்கித்தான் எனக்குக் கன்னம் வீங்கிச்சுன்னு நெனச்சேன் மாமா."

மணி நான்காக ஐந்து நிமிடம். இன்ஸ்பெக்டர் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விஜயதாஸின் மனைவி தங்கபாய் பாத்திரத்தில் கஞ்சியோடு வந்து நின்றிருந்தாள். கூட்டம் இரு ஷெட்டுகளிலும் நிறைந்திருந்தது.

"ஏழாவது கட்டத்துல எழுதும் சாரே. பாறசாலை, பிஜு சவுண்ட்ஸ்," என்றான் பொன்னப்பன். பிறகு பிஜுவிடம் வாங்கி வந்த மொபைலை உயர்த்திப் பிடித்துப் புகார்க்காரர்கள் பக்கம் திரும்பினான். "நீங்களே ஒத்துக்கிட்டா நான் இத அமுக்க மாட்டேன்."

"எனக்கு அந்தக் கடை எங்க இருக்குன்னே தெரியாது," என்றார் விஜயதாஸ். நீலகண்டன் துண்டுக்குள்ளிருந்து தனக்கும் தெரியாது என்று தலையாட்டினார்.

பொன்னப்பன் அமுக்கினான்.

தபலா, கிட்டார், பிறகு ஒரு பழைய காதல் டூயட்டின் முதல் வரி. பாடியது விஜயதாஸ். சந்தேகமே இல்லை. அவர் தடுமாறிப் போய் பக்கத்திலிருந்த ஷெட்டில் உட்கார்ந்தார். அது நீலகண்டன் கட்டிய ஷெட்.

அடுத்த வரியில் பெண்குரல் நுழைந்தது. தேன் சொட்டும் குரல். ஜங்ஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஒத்த மைக்குதான் சாரே," என்றான் பொன்னப்பன். "பிஜுவுக்க வாயிலிருந்து மைக்குக்கு, மைக்கிலிருந்து இவியளுக்கு. பிஜு வீங்கததுக்கு மொத நாளு பாடினதாக்கும். நாள் கணக்கைச் சிஸ்டர்ட்ட கேளும்."

விலாசினி விரல் விட்டு எண்ணினாள். "பதினாறு. சரியாக்கும்."

இன்ஸ்பெக்டர் ஏழாவது கட்டத்தில் டீக்கடையை அடித்தார், புதுப் பெயரை எழுதினார், பூட்டைப் பைக்குள் போட்டார். பொன்னப்பன் அடுப்பைப் பற்றவைக்க ஊன்றுகோலோடு விரைந்தான்.

"நில்லும். இன்னும் முடியல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரே மைக்குன்னா அந்தப் பெண்ணுக்கும் வந்திருக்கும். அவளையும் அஞ்சு நாள் தனியா இருத்தணும். பேரு, வயசு வேணும்."

விஜயதாஸ் தரையைப் பார்த்தார். தங்கபாய் கஞ்சிப் பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஆரு அவ?" என்றாள்.

பாட்டு மட்டும் ஓடியது. தங்கபாய் ஓரடி முன்னால் வந்தாள்.

நீலகண்டன் தாடையைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அறுபத்தி மூணு வயசு சாரே," என்றார், அதே தேன் குரலில். "நானாக்கும்."